தாப்பாவில் ஒரு வெள்ளி டிக்கெட்

தாப்பா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கேமரன் மலைக்கு ஏறுகிற வளைவுச் சாலை, வழியில் லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி, தலை சுற்றாமலிருக்க மூக்கருகே பிடித்துக்கொண்ட எலுமிச்சம்பழம்... இவ்வளவுதானே! நம்மில் பாதிப் பேருக்குத் தாப்பா கடந்து போகிற ஊர். இறங்கி நிற்கிற ஊர் அல்ல. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகு, ஊருக்குள் நுழைந்து கடந்து போவதுகூடக் குறைந்துவிட்டது.

நான் இந்த முறை இறங்கி நின்றேன். இரண்டு நாள் தங்கியும் விட்டேன். காரணம் மலையும் அல்ல, நீர்வீழ்ச்சியும் அல்ல. சினிமா!

என் அக்காள் மகன் ஈப்போவில் வேலை செய்கிறான். சம்பளத்தில் பாதி சினிமாவுக்கே போய்விடுகிறது என்று அக்காள் புலம்புவாள். ஒருநாள் இரவு என்னைத் தேடி வந்தான்.

"மாமா, கோலாலம்பூர்ல ஜப்பான் அறக்கட்டளைக்காரங்க ஜப்பானியத் திரைப்பட விழா நடத்துறாங்க. அது ஜப்பான்காரங்க எடுத்த படம். ஆனா ஜப்பானைப் பத்தி வெளிநாட்டுக்காரங்க எடுத்த படமும் நிறைய இருக்கு. அத மட்டும் பொறுக்கி நாலு ராத்திரி போட்டா எப்படி இருக்கும்? பெரிய பட்டணத்துல இந்த மாதிரி சின்ன விழாவெல்லாம் நடத்துறாங்க. நாம தாப்பாவில நடத்துவோம்."

தாப்பாவில் எதற்கு என்று கேட்டேன். அவனுடைய அப்பாவைப் பெற்ற பாட்டி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார். முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்துக்கு அருகே ஒரு சிறு தாமான். கோயிலை ஒட்டி ஒரு மண்டபம். வெள்ளைத் துணி கட்டலாம், படக்கருவியை அவன் கொண்டு வருவான், படக் கம்பெனிகளிடம் அனுமதி வாங்குவதும் அவன் பொறுப்பு. "எல்லாருக்கும் இனாம் மாமா, ஒரு காசு வாங்கப் போறதில்ல" என்றான். படங்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் நான் துணைக்கு வரவேண்டுமாம். நல்ல காரியம்தானே என்று கிளம்பினேன்.

ஈப்போவிலிருந்து மின்சார ரயில். பத்து காஜா, கம்பார், அதற்குப் பிறகு தாப்பா ரோடு. தோட்டத்துப் பிள்ளைகளாக நாங்கள் கரி ரயிலில் போன காலத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பாரை நெருங்கும்போது இடப்புறம் மலைத்தொடர் தெரிகிறது. மருமகன் கையிலிருந்த பட்டியலை மடித்து வைத்துவிட்டு அந்தக் குன்றுகளைக் காட்டினான்.

"மாமா, நம்ம முதல் படத்துக்கு இதுதான் முன்கதை."

உண்மைதான். 1941 டிசம்பர் 8இல் கரையிறங்கிய ஜப்பானியப் படை, மூன்று வாரத்தில் கம்பாருக்கு வந்துவிட்டது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை அந்தக் குன்றுகளில் பிரிட்டிஷ்காரரும் இந்தியச் சிப்பாய்களும் அவர்களைத் தடுத்து நின்றார்கள். அதற்குள் தெலுக் ஆன்சன் கரைப்பக்கம் கடல் வழியாக இன்னொரு ஜப்பானியப் படை இறங்கிவிட்டது. முதுகுப்புறம் ஆபத்து என்றதும் பின்வாங்கினார்கள். ஜனவரி 7இல் தெற்கே சிலிம் ரிவரில் டாங்கிகள் உடைத்துக்கொண்டு போயின. ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. கம்பாருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் எது? தாப்பாதான்! தோற்ற படையும் அந்த வழி, ஜெயித்த படையும் அந்த வழி.

மருமகன் சொன்ன படம், அமெரிக்கரான கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006இல் எடுத்த 'இவோ ஜிமாவிலிருந்து கடிதங்கள்'. 1945இல் அந்தச் சிறு தீவுக்காக அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதினார்கள். ஈஸ்ட்வுட் அதே சண்டையை அமெரிக்கர் பக்கத்திலிருந்து ஒரு படமாகவும், ஜப்பானியர் பக்கத்திலிருந்து இன்னொரு படமாகவும் எடுத்தார். இரண்டாவதில் பேச்சு பெரும்பாலும் ஜப்பான் மொழி. அதில் வருகிற சாதாரணச் சிப்பாய் ஊரில் ரொட்டி சுட்டுப் பிழைத்தவன். பிள்ளைத்தாய்ச்சி மனைவியை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்கு இழுத்து வரப்பட்டவன்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "தம்பி, படம் நல்ல படமாகவே இருக்கட்டும். ஆனால் உன் பாட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, ஜப்பான் சிப்பாய்க்கு இரக்கப்படுகிற படத்தை எப்படிப் போடுவாய்?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. ரயில் தாப்பா ரோட்டில் நின்றது.

தாப்பா ரோடு நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இங்கிருந்து தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்கு 1893இலேயே ஒரு கிளைப்பாதை போட்டிருந்தார்கள். ஊரின் பெயர் தெலுக் இந்தான் என்று மாறிய பிறகும் ஓடிய அந்த ரயில் 1989இல் நின்றுபோனது. மேடையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பட்டியலில் இரண்டாவதாக இருந்த படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'குவாய் நதிப் பாலம்'.

அந்தப் படத்தின் கதையே ஒரு தனிக் கதை! எடுத்தவர் ஆங்கிலேயரான டேவிட் லீன். ஆண்டு 1957. ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கியது. நடக்கிற இடம் சயாம். படம் பிடித்த இடமோ இலங்கையில் கித்துல்கல, களனி ஆற்றங்கரை. படத்தில் பாலம் மரப்பாலம்; சயாமில் இன்றும் சுற்றுப்பயணிகள் நடந்து பார்க்கிற பாலம் இரும்புப் பாலம், அதன் வளைவுகள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அந்த ஆற்றுக்கு அப்போது குவாய் என்ற பெயரே கிடையாது. மே குளோங் என்றுதான் பெயர். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 'குவாய் எங்கே, குவாய் எங்கே' என்று கேட்கப் போய், 1960களில் தாய்லாந்துக்காரர்கள் ஆற்றின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டார்கள். சினிமாவின் வல்லமையைப் பார்த்தீர்களா!

இதில் நமக்கு நெருக்கமான சங்கதி ஒன்று உண்டு. படத்துக்கு மூலமான நாவலை எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் எஞ்சினியராக வேலை பார்த்தவர். விடியற்காலைப் பெரட்டு, பால் வாளி, லயத்து வாழ்க்கை எல்லாம் கண்ணால் கண்டிருக்கக் கூடியவர். ஆனாலும் படத்தின் கதை ஓர் ஆங்கிலேயக் கர்னலுக்கும் ஒரு ஜப்பானியக் கர்னலுக்கும் இடையே நடக்கிற பிடிவாதப் போட்டிதான். தோட்டத்திலிருந்து போனவர்களின் கதை அதில் இல்லை.

ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல்; அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் மாண்டவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் இதில் பல்லாயிரம் பேர். நாட்டின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களையும் பெயர்த்துச் சயாமுக்கு ஏற்றினார்கள். இரும்பும் போயிற்று, ஆளும் போயிற்று.

நிலையத்திலிருந்து வாடகைக் காரில் ஊருக்குள் வந்தோம். தாப்பா, பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகர். ஊர்ப்பெயர் ஆற்றில் வாழ்கிற தாப்பா மீனால் வந்தது என்பார்கள். ஆற்றின் ஓரம், பழைய கடை வரிசை, சாயங்கால வெயில். தே தாரிக் குடித்துக்கொண்டே மீதிப் பட்டியலை விரித்தோம்.

"கூட்டம் சேரணும்னா முதல் ராத்திரி எம்.ஜி.ஆர். படம் போடணும்" என்றேன்.

மருமகன் திகைத்துப் போனான். "எம்.ஜி.ஆரா? ஜப்பானா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது! 1970இல் ஜப்பானின் ஒசாக்கா நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, எம்.ஜி.ஆர். படக்குழுவோடு அங்கே போய்ப் படம் பிடித்தார். 1973இல் வெளிவந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' அதுதான், இயக்கியவரும் அவரே. ஜப்பானைப் பொறுத்தவரை அவரும் வெளிநாட்டு டைரக்டர்தானே! விழாவின் விதிப்படி அவருக்குத்தான் முதல் இடம்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு யோசித்தேன். போர் முடிந்து இருபத்தெட்டே வருஷம். சயாமில் அப்பனைப் பறிகொடுத்தவர்கள் நாற்பது வயதைத் தாண்டாத காலம். அவர்களும்தான் கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் கண்காட்சி வெளிச்சத்தைப் பார்த்து விசில் அடித்தார்கள். தோட்டத்துக்குள் ஹோண்டா மோட்டார் சைக்கிள் வந்தது, ஜப்பான் ரேடியோ வந்தது. 1982இல் அரசாங்கமே 'கிழக்கை நோக்கு' என்றது. துக்கத்தை யாரும் மறக்கச் சொல்லவில்லை; ஆனால் யாரும் கேட்கவும் இல்லை.

'ஹிரோஷிமா, என் அன்பே' என்ற பிரெஞ்சுப் படமும் பட்டியலில் இருந்தது. அலென் ரெனே 1959இல் எடுத்தது. ஹிரோஷிமாவுக்கு வருகிற ஒரு பிரெஞ்சு நடிகை, அங்கே ஒரு ஜப்பானியரைச் சந்திக்கிறாள். அடுத்தவர் துயரத்தைப் பார்த்துவிட்டேன் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள முடியுமா என்பதுதான் படத்தின் கேள்வி. "அருமையான படம் மாமா" என்றான். "அருமைதான். நாள் முழுக்கச் செம்பனைக் குலை சுமந்து வந்தவன் பத்து நிமிஷத்தில் குறட்டை விடுவான்" என்றேன். ஆனால் ஒன்றை அவனுக்குச் சொல்லி வைத்தேன். அணுகுண்டு விழுந்த அன்று ஹிரோஷிமாவில் மலாயா மாணவர் மூவர் படித்துக்கொண்டிருந்தார்கள். நிக் யூசோப், சையத் ஓமார் இருவரும் அதன் விளைவாக இறந்து ஜப்பான் மண்ணிலேயே அடங்கினார்கள். அப்துல் ரசாக் உயிர் தப்பி நாடு திரும்பி ஆசிரியரானார். யாருடைய கதையிலும் நம் நாட்டுக்காரர் ஒருவர் ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறார். கேமரா அந்தப் பக்கம் திரும்புவதுதான் அபூர்வம்.

கடைசி இரவுக்கு மருமகன் வைத்திருந்தது, ஜெர்மானியரான விம் வெண்டர்ஸ் 2023இல் தந்த 'பெர்ஃபெக்ட் டேஸ்'. தோக்கியோ நகரில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிற ஒரு வயதான தொழிலாளியின் அன்றாட வாழ்க்கை. அதில் நடித்த கோஜி யாகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. வெண்டர்ஸுக்கு ஜப்பான் மேல் ஆசை வரக் காரணம் யாசுஜிரோ ஓசு என்ற ஜப்பானிய டைரக்டர். அந்த ஓசுவே 1943இல் ராணுவத்தால் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டு, இந்திய சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிப் படம் எடுக்கப் பணிக்கப்பட்டவர்! படம் முடியவே இல்லை. பறிமுதல் செய்த அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு காலம் கழித்தாராம். அதே வருஷம்தான் இங்கே தோட்டங்களிலிருந்து ரயில் ரயிலாக ஆள் போய்க்கொண்டிருந்தது.

இருட்டுகிற நேரத்தில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்காளின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது. காது சற்று மந்தம். பேச்சில் தளர்ச்சி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய கை.

சாப்பாடு முடிந்ததும் மருமகன் விஷயத்தை எடுத்தான். "பாட்டி, கோயில் மண்டபத்துல நாலு நாளு படம் போடப் போறோம். எல்லாம் ஜப்பானைப் பத்தின படம். நீங்கதான் முன் வரிசை. இனாம்!"

அத்தையின் முகம் மாறிவிட்டது.

"இனாம் படமா? நான் வரமாட்டேன்யா. நீயும் போடாத."

நாங்கள் விழித்தோம். அத்தை வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப எனக்கு ஏழு வயசு. மூணு மாச வேலை, நல்ல சம்பளம்னு சொல்லித்தான் எங்கப்பாவ மொத லாரியில ஏத்துனாங்க. அப்புறம் ஆளு பத்தலன்னு டவுன்ல இனாம் படம் காட்டுறோம்னு கூப்பிட்டானுங்களாம். கொட்டாய் நெறஞ்சதும் கதவச் சாத்தி, அப்படியே ரயிலுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. எங்கம்மா சாகிற வரைக்கும் இனாம் படத்துக்குப் போனதில்ல, எங்களையும் விட்டதில்ல. தோட்டத்துத் திடல்ல மாசாமாசம் படம் போடுவாங்க. லயத்துல எல்லாரும் பாய தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. நாங்க மட்டும் கதவுக்குப் பின்னால ஒக்காந்து பாட்டு கேப்போம்."

எனக்கு இது புதுச் செய்தி. வயதானவர்கள் காதில் விழுந்ததைச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது, சயாம் ரயில்பாதையைப் பற்றிய வரலாற்று நூல்களிலேயே மலாயாவில் இலவசப் படக்காட்சி என்று அழைத்து ஆள் பிடித்த சங்கதி பதிவாகியிருக்கிறது. அத்தை அதை எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர்.

"அப்பா திரும்பி வந்தாரா அத்தை?" தெரிந்தே கேட்டேன்.

"வரல. கூடப் போயி திரும்பி வந்த ஒருத்தர் சொன்னாரு, காச்சல்ல படுத்துட்டாரு, கூடாரத்துல விட்டுட்டு வந்தோம்னு. எந்த எடம்னு அவருக்குச் சொல்லத் தெரியல. செத்த நாளு தெரியாததால எங்கம்மா ஆடி அமாவாசைக்குத்தான் படைச்சாங்க."

மருமகன் தன் கைப்பேசியில் 'குவாய் நதிப் பால'த்தின் ஒரு துண்டைப் போட்டு அத்தையிடம் காட்டினான். கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சீட்டியடித்தபடி அணிவகுத்து முகாமுக்குள் வருகிற காட்சி. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

"தொரைமாருங்க வர்றாங்க. சரி. நம்ம ஆளுங்க எப்பய்யா வருவாங்க?"

"இந்தப் படத்துல வரமாட்டாங்க பாட்டி."

"அப்ப எங்கப்பா வேல செஞ்ச ரயிலு இது இல்லியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று இரவு வெகுநேரம் இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். தப்பு டேவிட் லீன் மேல் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் தம் நாட்டுச் சிப்பாயின் கதையை எடுத்தார். ஈஸ்ட்வுட் எதிரியின் பக்கம் போய் நின்று பார்த்தார். அது பெரிய மனசு. வெளியிலிருந்து வருகிறவன் சில சமயம் வீட்டுக்காரன் பார்க்காததையும் பார்க்கிறான். ஆனால் எங்கள் அத்தையின் அப்பாவைப் பார்க்க லண்டனிலிருந்தும் ஹாலிவுட்டிலிருந்தும் ஆள் வருவார்கள் என்று காத்திருந்தது யார் தப்பு? தாய்லாந்தில் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அங்கே மாண்ட தமிழருக்கு ஒரு நடுகல் எழும்ப 2023 வரை ஆயிற்று. அதில் எழுதப் பெயர்ப் பட்டியல் நம்மிடம் இருந்ததா?

ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை 1993இல் தந்தார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ஆவணப்படம்கூட வந்திருக்கிறது. அவற்றை நம் வீட்டு அலமாரியில் தேடினால் எத்தனை வீட்டில் கிடைக்கும்?

காலையில் அத்தை எழுந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது, மருமகன் மெல்ல அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் படத்தைப் பற்றிச் சொன்னான். விடியுமுன் எழுந்து, பாயைச் சுருட்டி, செடிக்குத் தண்ணீர் தெளித்து, வேலைக்குப் போகிற மனுஷன் என்று.

"கக்கூசு கழுவுறவரா கதாநாயகன்? ஜப்பான்லயா?" அத்தை சிரித்துவிட்டார். "நாலு மணிக்கு எந்திரிச்சி பெரட்டுக்கு ஓடுன எனக்குத் தெரியாதா அந்தப் பொழப்பு! அத வேணா பாக்கலாம்."

"மத்த படம் பாட்டி? ஜப்பான் சிப்பாய் படம்?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவனும் ஒருத்திக்குப் புள்ளதான? போடு. ஆனா எங்கப்பன் கதைய சொல்லிப்புட்டு அப்புறம் போடு."

விழா அப்படித்தான் முடிவாயிற்று. முதல் இரவு எம்.ஜி.ஆர். இரண்டாம் இரவு 'குவாய் நதிப் பாலம்'. படம் தொடங்குமுன் அத்தையும் அந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிற ஓரிரு பெரியவர்களும் பேசுவார்கள். மருமகன் அதைப் பதிவு செய்வான். மூன்றாம் இரவு ஈஸ்ட்வுட். நான்காம் இரவு தோக்கியோத் தொழிலாளி. வருகிற பள்ளி விடுமுறையில் நடத்துவதாகத் திட்டம்.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

"இனாம்னு போடாத. ஆளுக்கு ஒரு வெள்ளி டிக்கெட்டு வையி. காசு குடுத்துப் போனா அது நாமளா போறது. அப்புறம், மண்டபத்துக் கதவ எந்நேரமும் தெறந்தே வையி."

ரயிலில் திரும்பி வரும்போது மருமகன் பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். தலைப்பில் விழாவின் பெயரைக்கூட எழுதவில்லை. 'கட்டணம்: ஒரு வெள்ளி. கதவு திறந்திருக்கும்' என்றுதான் எழுதினான்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருந்திருக்கலாம். அவருடைய பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம், கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் யார் என்பதை இன்று இரவே பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.